வாசலில் சொல்லும் சொல்

மாடும் மரமும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காலனும் நம் தெருவில் நடந்துதான் வருவான். யாரையும் இழுத்துப் போகமாட்டான். நாள் முடிந்தவரின் வாசலில் காத்திருப்பான். அவர் வெளியே கிளம்பி, "நான் போகிறேன்" என்று தன் வாயால் சொன்னால்தான் கூட்டிப்போவான். இது மாடுகளுக்குத் தெரியும். மனிதர்களுக்குத் தெரியாது.

கடற்கரை ஊர் ஒன்றில் கொம்பையன் என்று ஓர் உப்பு வண்டிக்காரன் இருந்தான். கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. ஒரு காலை, வண்டியில் உப்பேற்றிவிட்டுத் தலைப்பாகை கட்ட வீட்டுக்குள் போனான். அவன் மனைவி செம்பாயி காளைக்குத் தண்ணீர் காட்டினாள். காளை குடிக்கவில்லை.

"தாயி, வண்டியில காலன் உட்கார்ந்திருக்காரு. உன் புருஷன் 'போறேன்'னு சொன்னா அவ்வளவுதான்."

அதற்குள் கொம்பையன் வெளியே வந்துவிட்டான்.

"செம்பாயி, நான் போ..."

ஈரக் கையாலேயே அவன் வாயைப் பொத்தினாள்.

"போய்ட்டு வரேன்னு சொல்லுங்க!"

"என்னடி இது புதுசா?"

"சொல்லுங்கன்னா சொல்லுங்க!"

அவள் கண்ணில் நீரைப் பார்த்ததும் அவன், "சரி, போய்ட்டு வரேன்" என்றான்.

எழுந்த காலன் குழம்பி நின்றான். "இதென்னம்மா? போகிறானா, வருகிறானா?"

"வரேன்னு வாக்குக் கொடுத்திருக்காரு, ஐயா. அதைக் காப்பாத்த விடுங்க."

அப்போதுதான் கொம்பையனுக்கு விஷயம் புரிந்து முகம் வெளுத்தது. ஒருவர் வாக்கை முறிக்கும் வழக்கம் காலனுக்கில்லை. வண்டியிலிருந்து இறங்கி நடந்துவிட்டான்.

கொம்பையன் திரும்பி வந்தான். மறுநாளும் அப்படியே சொல்லிக் கிளம்பினான். பிள்ளைகள் பிறந்தார்கள், காளைகள் மாறின, புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுச் சமாதானமானார்கள். வழியில் காலனைக் கண்டால், "போய்ட்டு வரேன், ஐயா" என்பான். காலனும் சிரித்துக்கொண்டே வழிவிடுவான்.

பல்லெல்லாம் கொட்டிய பிறகு ஒரு மாலை, மீன்குழம்புச் சோறு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாசலில் செம்பாயியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நிறைய தடவை வந்தாச்சு, செம்பாயி. இன்னைக்கு நான் போறேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் பயமே இல்லை.

"போங்க. நான் பின்னாலேயே வரேன்."

அதிலிருந்துதான், பக்கத்துக் கடைக்கானாலும் கடல் கடந்த ஊருக்கானாலும், நம் வீட்டு வாசலைத் தாண்டுகிறவர்கள் "போய்ட்டு வரேன்" என்கிறார்கள். மறந்துபோய் "போறேன்" என்றவரை நிறுத்தி, மாற்றிச் சொல்ல வைத்த பிறகே அனுப்புகிறோம்.