ஆலாக்களின் பந்தி

காக்காமுனைக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. பாதியை நம்பினால் போதும். அதற்கே சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். இது அந்த நம்பத்தக்க பாதியைச் சேர்ந்தது.

அந்த ஊர்ச் சந்தியாகுவின் மகள் ரோசம்மாளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் புன்னையடி கஸ்பார். ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பியவர், கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "கடக்கரையில சம்பந்தம் பண்ணுதோம். எலையில சீலா மீனு இல்லன்னா எந்திரிச்சிருவேன், ஆமா."

சீலா கண்ணிலேயே படாத நாட்கள் அவை. பெண்ணைப் பெற்ற சந்தியாகு மீன்பிடிக்கிறவன்தான்; அவன் வலையிலும் ஒன்று விழவில்லை.

வள்ளத்தில் அவனுக்குக் கூட்டாளிகள் இருவர். தொம்மை யோசிக்காமல் பேசுவான். இன்னாசி நன்றாக யோசித்துவிட்டு, தொம்மையையும் மிஞ்சிப் பேசுவான். மூவரும் மீன் ஏலம் விடும் மரியதங்கத்திடம் போய் வழி கேட்டார்கள்.

"இதுக்கா இம்புட்டு வருத்தம்?" என்றாள் அவள். "கடல் ஏறும்போது தண்ணி வந்து முனையில முட்டும்லா? அங்க நீரோட்டம் சுழிச்சு, அடியில கெடக்கிற பொடிமீனை மேல தள்ளிவிடும். அதைத் திங்க மேல இருந்து ஆலாப் பறவை வரும், கீழ இருந்து சீலா வரும். தண்ணி வத்த ஆரம்பிச்சா ஒண்ணும் இருக்காது. ஆலாக் கூட்டம் எங்க மேயுதோ அங்க போயி நில்லுங்கண்ணே, அது போதும்."

வெள்ளிக்கிழமை போனார்கள். முனைக்கு அப்பால் தண்ணீர் உலை போலக் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளை ஆலாக்கள் தலைகுப்புற விழுந்து விழுந்து பொடிமீனைக் கொத்தின. மூவரும் வள்ளத்தில் எழுந்து நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

"வலையை எறக்குவமா?" என்றான் சந்தியாகு.

"அதை வீட்டுலல்லா வச்சிட்டு வந்தேன்" என்றான் தொம்மை. "போயி நின்னா போதும்னாளே. வலைன்னு ஒரு வார்த்த சொன்னாளா?"

சொல்லவில்லை என்பதை மூவரும் ஒத்துக்கொண்டார்கள். கால் கடுக்க நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

சனிக்கிழமை வலையோடு போனார்கள். அதே இடம், அதே கூட்டம். சந்தியாகு ஆசையாக வலையைத் தூக்கியதும் இன்னாசி கையைப் பிடித்துக்கொண்டான்.

"பொறும்வே. அவுக சாப்பிட்டுக்கிட்டு இருக்காக."

"சாப்பிட்டா என்ன?"

"என்னவா? பந்தி நடக்கையில பூந்து அடுத்தவன் எலையில கை வைப்பீரா? மொதப் பந்தி எந்திரிக்கட்டும். ரெண்டாம் பந்தியில நாம உக்காருவோம்."

சந்தியாகுவுக்கு மகள் முகம் மனசில் வந்து வந்து போயிற்று. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. வலையைக் கீழே வைத்தான்.

"பக்கத்துல நின்னு வாயைப் பாக்கக் கூடாதுவே" என்றான் தொம்மை. "சாப்பிடுதவுகளுக்குத் தொண்டையில எறங்காது."

அதுவும் நியாயமாகப் பட்டது. வள்ளத்தைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, மூவரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு திரும்பிப் பார்த்தபோது கடல் வற்றத் தொடங்கியிருந்தது. ஆலாவும் இல்லை, பொடிமீனும் இல்லை.

"ரெண்டாம் பந்தியே போடல பாத்தீரா" என்று இன்னாசி வருத்தப்பட்டான்.

மரியதங்கம் தலையில் அடித்துக்கொண்டாள். "கூறுகெட்ட மனுசங்களா! அது திங்கும்போதே நீங்களும் எறங்கணும். ஆலாவோட ஆலாவா நிக்கணும்!"

அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், நிச்சயத்துக்கென்று வெளுத்து வைத்திருந்த வெள்ளை வேட்டிகளைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூவரும் போனார்கள். வலையை வள்ளத்தின் ஓரமாகத் தொங்கவிட்டார்கள். கைகளை இறக்கை போல அடித்தார்கள். 'கிரீச்' என்று கத்தியபடி ஒருவர் பின் ஒருவராகத் தலைகுப்புறக் கடலில் விழுந்தார்கள். அப்படி ஒரு பறவையைப் பிறவியில் பார்த்திராத சீலா ஒன்று, மிரண்டு ஓடி நேரே வலைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது.

ஆள் தொடை கனத்துக்கு இருந்தது மீன். சந்தியாகு அதைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டான். மகள் பிழைத்தாள்!

"அழாதீரும். இதை என்ன பண்ணப் போறீரு?" என்றான் இன்னாசி.

"வீட்டுக்குக் கொண்டு போயிக் கொழம்பு வைக்கணும்."

இன்னாசி நன்றாக யோசித்தான். "ஆலாவோட ஆலாவா நிக்கணும்னு சொன்னா. எந்த ஆலாவே கொழம்பு வைக்குது? பந்தியில உக்காந்தமா, தின்னமான்னு வரணும். எலைச் சோத்தை மூட்டை கட்டுனா சம்பந்தி என்ன நெனைப்பாரு?"

"எம் மவ கல்யாணம்வே!"

"அதுக்குத்தான் சொல்லுதேன். மானம் போயிரும்."

மானம் என்று வந்தபின் என்ன பேசுவது? சந்தியாகு அழுதுகொண்டே மீனைக் கடலில் விட்டான். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் கஸ்பார் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இலையில் சோறும் ரசமும்தான் இருந்தன. ஈர வேட்டியோடு வந்து நின்ற சந்தியாகுவை ஏற இறங்கப் பார்த்தார். "சீலா எங்க?"

சந்தியாகு ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தான். கஸ்பார் எழுந்துவிட்டார். கதவோரம் நின்ற ரோசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தியாகுவுக்கு உயிரே இல்லை.

கஸ்பார் வந்து அவனைக் கட்டிப்பிடித்தார்.

"கையில கெடச்ச சீலாவையே மூட்டை கட்டாத குடும்பம்! எம் மவனுக்கு இதவிட எடம் எங்க கெடைக்கும்?" என்றவர், சட்டென்று முகம் வாடினார். "அவுக பந்தியில நீங்க உக்காந்தாச்சு. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு அவுகளை வெத்தல பாக்கு வச்சு அழைச்சீரா?"

யாரும் அழைக்கவில்லை. எல்லோரும் வெட்கித் தலைகுனிந்தார்கள். ஜாடிக்கேற்ற மூடி என்று சும்மாவா சொன்னார்கள்?

கடல் வற்றுவதற்குள் வள்ளம் மறுபடி முனைக்குப் பறந்தது. கஸ்பார் தாம்பூலத் தட்டை உயர்த்திப் பிடித்து நின்று, ஆலாக் கூட்டத்தைப் பார்த்துக் கணீரென்று அழைத்தார்: "எல்லாரும் குடும்பத்தோட வந்து இருந்து நடத்திக் குடுக்கணும்!"

தலைக்கு மேலே வட்டமிட்ட ஆலா ஒன்று அவருடைய நெற்றியின் நடுவே பொத்தென்று எச்சமிட்டது.

சம்பந்தம் இத்தோடு போயிற்று என்று சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டான். கஸ்பார் அதை விரலால் தொட்டுப் பார்த்து, நிதானமாக நெற்றி முழுக்கத் தடவிக்கொண்டார்.

"சந்தனம் பூசிட்டாக சம்பந்தி. கண்டிப்பா வருவாக."

சந்தியாகுவுக்குப் போன உயிர் வந்தது. தொம்மையையும் இன்னாசியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மூவருமாக வானத்தைப் பார்த்து நெற்றியைக் காட்டினார்கள்.