வகுப்புக்குப் போன குரல்

மருதங்காட்டுக் குளக்கரையில் ஒரு தோப்பு இருந்தது. காட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் அங்கேதான் கொண்டுவந்து விடுவது வழக்கம். ஆறுதல் தோப்பு என்று அதற்குப் பெயர். தோப்பை நிர்வாகம் செய்தது ஓர் எருமை. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்களில் கரடிக்குத்தான் ரொம்ப நல்ல பெயர்.

கரடி எந்த வேலைக்கும் முகம் சுளிக்காது. புண்ணைக் கழுவும். படுக்கைக்குப் புதுச் சருகு பரப்பும். யாராவது முனகினால் ஓடிப்போய் நிற்கும். பார்க்கத்தான் முரடு, கை பஞ்சு மாதிரி. இதை எல்லோரும் சொல்லிச் சொல்லி, கடைசியில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று கரடியே நம்ப ஆரம்பித்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

கரடியின் செல்ல நோயாளி ஒரு கிழட்டு நரி. கண்ணியில் மாட்டிக் கால் ஒடிந்து வந்திருந்தது. இளமையில் அது ஏமாற்றாத பிராணி அந்தக் காட்டில் இல்லை. இப்போது ஏமாற்றிவிட்டு ஓடக் கால் வேண்டுமே! அதனால் படுத்தபடியே பழைய பெருமைகளைப் பேசிக்கொண்டு கிடந்தது.

“மாப்பிள்ளை! கால் கூடிடுச்சுன்னா மகள் வந்து கூட்டிட்டுப் போயிடுவா. பேரப்பிள்ளைங்களை நான் இன்னும் கண்ணால பார்க்கல!” என்று தினமும் சொல்லும்.

“கவலைப்படாதீங்க நரி மாமா! மழைக்கு முன்னாடி உங்களை நடக்க வெச்சு அனுப்புறேன்!” என்று தினமும் கரடி பதில் சொல்லும்.

ஆறுதல் தோப்பில் ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. கோடை பிறந்ததும் அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பயிற்சி வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும். வராதவர்கள் நோயாளியைத் தொடக்கூடாது. அந்த வருஷம் வகுப்பெடுக்க நாரை வருவதாக எருமை அறிவித்தது. எதை எப்படி விழுங்குவது என்று தலைப்பும் சொன்னது.

கரடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஊட்டி ஊட்டியே என் கை தேய்ஞ்சு போச்சு! எனக்கு நாரை சொல்லித் தரணுமா?”

அதோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. வகுப்பு நாளன்று மலைச்சரிவில் இலுப்பைப் பூ கொட்டிக்கிடந்தது. இலுப்பைப் பூ என்றால் கரடிக்கு உயிர். நரிக்கும் கொஞ்சம் கொண்டுவரலாமே என்று நினைத்ததும் மனசு இன்னும் லேசாகிவிட்டது. தப்பு செய்யப் போகும்போது இப்படி ஒரு நல்ல காரணம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும்!

மருதமரத்தில் ஒரு மைனா இருந்தது. யார் குரலில் வேண்டுமானாலும் பேசும். கரடி அதைக் கூப்பிட்டது.

“மைனா! பேர் கூப்பிடும்போது என் குரல்ல ‘உள்ளேன் அம்மா’ன்னு சொல்லிடுவியா?”

“அண்ணே, உங்க குரலா? அது எனக்குத் தூக்கத்துலகூட வரும்!” என்று மைனா சிறகடித்தது. கூலி எதுவும் கேட்கவில்லை. தன் திறமையைக் காட்ட ஓர் இடம் கிடைத்ததே அதற்குப் போதும்.

வகுப்பு குளக்கரையில் நடந்தது. எருமை கழுத்தளவு தண்ணீரில் கிடந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டது. காது இருக்கும்போது கண் எதற்கு என்பது எருமையின் கட்சி.

“கரடி!”

“உள்ளேன் அம்மா!” என்றது மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல். கரடி வழக்கமாக உட்காரும் நிழல் அதுதான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நாரை ஒற்றைக் காலில் நின்று பாடத்தைத் தொடங்கியது. விழுங்குவதைப் பற்றி நாரைக்குத் தெரியாதது இல்லை. அவ்வளவு நீளத் தொண்டையை வைத்துக்கொண்டு அன்றாடம் பிழைக்கிறதே!

“எல்லோருக்கும் வணக்கம்! முன்வரிசையில் இருப்பவர்கள் மீனை மிரட்டாதீர்கள்! இப்போது கவனியுங்கள். பக்கவாதம் வந்து வாய் கோணியவரால் சரியாக விழுங்க முடியாது. முதலில் அவரை நிமிர்த்தி உட்கார வையுங்கள். தாடையைச் சற்றுத் தாழ்த்துங்கள். கொஞ்சமாகக் கொடுங்கள். விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுங்கள். புரையேறினால் நிறுத்துங்கள். யாரோ நினைக்கிறார்கள் என்று சிரிக்காதீர்கள். உச்சந்தலையில் தட்டாதீர்கள். மேற்கொண்டு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சடைத்தால் முன்னால் குனியவைத்து, தோள்களுக்கு நடுவே முதுகில் ஓங்கித் தட்டுங்கள்.”

பிறகு நாரை கேட்டது: “கரடி! நான் சொன்னதைத் திருப்பிச் சொல் பார்க்கலாம்!”

மைனா அசரவில்லை. வணக்கத்திலிருந்து முதுகில் தட்டுவதுவரை, ஒரு சொல் பிசகாமல் கரடியின் குரலில் ஒப்பித்துவிட்டது.

“சபாஷ்! இப்படி அல்லவா பாடம் கேட்க வேண்டும்!” என்று நாரை பூரித்துப்போனது. எருமை கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டியது.

மாலையில் கரடி வயிறு முட்டத் திரும்பி வந்தது. மைனா எதிரே பறந்து வந்தது.

“அண்ணே! வகுப்புலயே நீங்கதான் முதல்! என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு சொல்லட்டுமா?”

“வேண்டாம் வேண்டாம்! பேர் பதிஞ்சிடுச்சு இல்ல? அது போதும்!” என்றது கரடி.

நரிக்கு இலுப்பைப் பூ கொடுக்கும்போது கரடி நடந்ததை எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. நரியும் சிரித்தது. பிறகு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டது.

“மாப்பிள்ளை, நான் பழைய திருடன், அதனால கேக்குறேன். ஏமாத்துறவனுக்கு யாரை ஏமாத்துறோம்னு முதல்ல தெரியணும். நீ யாரை ஏமாத்தின?”

“எருமையக்காவைத்தான்!”

“எருமையையா? அதுக்கு இதுல என்ன நஷ்டம்?” என்றது நரி. கரடி யோசிக்கவில்லை. இன்னொரு பிடி பூவை எடுத்து நரியின் வாயில் போட்டது.

கோடை போனது. நரியின் கால் கூடிவந்தது. மகளும் குட்டிகளோடு வந்துகொண்டிருப்பதாகக் காகம் சொல்லிப்போனது. நரிக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் வரவேண்டிய நாள் காலையில் நரியால் எழுந்திருக்க முடியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. முன்னங்கால் ஒன்று தொங்கியது. பேச்சு குழறியது. பார்த்தவர்கள் பதறிப்போய் எருமையை அழைத்து வந்தார்கள்.

“பக்கவாதம்!” என்றது எருமை. “யாரும் பயப்பட வேண்டாம். இதுக்குத்தான் பாடம் எடுத்தாங்களே! கரடி ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சுதே! கரடி மட்டும் கிட்ட இருந்து பார்த்துக்கட்டும், மத்தவங்க விலகுங்க!”

கரடி அந்தப் பாடத்தைக் கேட்டதே இல்லை. ‘எனக்குத் தெரியாது அக்கா’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாரை பக்கத்துத் துறையில்தான் நின்றுகொண்டிருந்தது. மைனாவையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எல்லோரும் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் கரடிக்கு வாய் வரவில்லை.

“நான் பார்த்துக்கறேன்” என்றது.

எல்லோரும் கலைந்து போனதும் நரி மெல்லக் குழறியது. “மாப்பிள்ளை... குட்டிங்க வரும்போது ஒரு ஊளையாவது விடணும். தொண்டை காஞ்சு கிடக்கு.”

“இவ்வளவுதானா! தேன் தரேன் மாமா!” கரடி ஓடிப்போய், தேனடையைப் பிழிந்து, தொன்னை நிறையக் கொண்டுவந்தது. நரி எழுந்து உட்காரத் தவித்தது.

“எதுக்கு மாமா சிரமப்படுறீங்க? படுத்தே குடிங்க. நான்தான் இருக்கேனே!” என்று சொல்லி, அவ்வளவு அன்பாக, அவ்வளவு மெதுவாக, அண்ணாந்து கிடந்த வாயில் கரடி தேனை ஊற்றியது.

நரிக்குப் புரையேறியது.

கரடி சிரித்தது. “பார்த்தீங்களா! மகள் உங்களை நினைக்கிறா!” என்று உச்சந்தலையில் செல்லமாகத் தட்டியது. இருமல் அடங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றியது.

நரியின் கண் பிதுங்கியது. இருமலும் நின்றுபோனது. வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை.

“ஐயோ! மாமா! மைனா! ஓடி வாயேன்! நாரை டீச்சர் என்ன சொன்னாங்க? சொல்லு! சீக்கிரம் சொல்லு!”

மைனா தாழப் பறந்து வந்தது. வாய் திறந்தபோது கரடியின் குரல்தான் வந்தது.

“எல்லோருக்கும் வணக்கம்! முன்வரிசையில் இருப்பவர்கள் மீனை மிரட்டாதீர்கள்!”

“அது வேண்டாம்! மூச்சடைச்சா என்ன பண்ணணும்? அதைச் சொல்லு!”

“முதல்லேருந்து சொன்னாத்தான் எனக்கு வரும் அண்ணே!” என்று மைனா அழுதது. பாவம், அதற்குத் தெரிந்தது ஓசை மட்டும்தான். மறுபடி தொடங்கியது. “எல்லோருக்கும் வணக்கம்!... முதலில் அவரை நிமிர்த்தி உட்கார வையுங்கள்... யாரோ நினைக்கிறார்கள் என்று சிரிக்காதீர்கள். உச்சந்தலையில் தட்டாதீர்கள்...”

தான் செய்த ஒவ்வொரு தப்பையும் கரடி தன் குரலிலேயே கேட்டது.

“மூச்சடைத்தால் முன்னால் குனியவைத்து, தோள்களுக்கு நடுவே முதுகில் ஓங்கித் தட்டுங்கள்” என்று மைனா முடித்தபோது, கரடி நரியைத் தூக்கிக் குனியவைத்துத் தட்டியது. மறுபடியும் தட்டியது. தேன் கொஞ்சம் வெளியே வழிந்தது. நரி அசையவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் மகள் வந்தாள். குட்டிகள் அவள் காலுக்குள் காலாக ஓடிவந்தன. வந்தவளிடம் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்: “கரடி கடைசிவரை பக்கத்துலயே இருந்துச்சும்மா. நல்லாப் பாடம் படிச்ச கை. அதுக்கு மேல நம்ம கையில என்ன இருக்கு?”

மகள் கரடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நீங்க நல்லா இருக்கணும் அண்ணே. வழியெல்லாம் அப்பாவைத்தான் நினைச்சுக்கிட்டே வந்தேன்” என்றாள்.

கரடிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தரையில் விழுந்து அழுதது. இலுப்பைப் பூவிலிருந்து தேன்வரை எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டது. மகள் குட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அப்பா ஊரையே ஏமாத்தினவர்தான். ஆனா எங்களுக்கு ஒரு வாய் ஊட்டும்போது ஏமாத்தினதே இல்ல” என்றாள். பிறகு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தாத்தா எப்படி ஊளையிடுவார் என்று ஒரு குட்டி கேட்டுக்கொண்டே போனது.

அடுத்த கோடையும் வந்தது. எருமை இந்த முறை தண்ணீரை விட்டுக் கரையேறி நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பேர் கூப்பிட்டது. கரடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. நோயாளியைத் தொட அதற்கு இன்னும் அனுமதி இல்லை. சருகு பரப்பும் வேலைதான்.

“கரடி!” என்றது எருமை.

“உள்ளேன் அம்மா!” என்று மருதமரத்திலிருந்து கரடியின் குரல் கேட்டது. பழக்கதோஷத்தில் சொல்லிவிட்ட மைனா, சட்டென்று தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. கரடி எழுந்து நின்றது. “உள்ளேன் அம்மா” என்று சொல்லப் பார்த்தது. குரல் வெளியே வரவே இல்லை.

நோயாளியைத் தொடும் கைக்கு அன்போடு பாடமும் வேண்டும். பாடத்தை ஏய்த்தவரின் பிழை, அவரை நம்பிப் படுத்திருப்பவரின் தலையில்தான் வந்து விடியும்.