உறங்கிய கணக்கும் மூன்று கோபங்களும்

இந்தப் புதிரை வாசிப்பவர்களில் பாதிப் பேர் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்கள். அவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆனால் கதைக்குள் இருப்பவர்களின் கோபத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

திருச்செங்கோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எழுத்து வரைபவன் செங்கோட்டுவேல். அங்கேயே வெல்டிங் பார்ப்பவன் நல்லசிவம். இவர்களோடு இன்னும் மூவர் சேர்ந்து, இணையத்தில் ‘இரும்புக் கோட்டை’ என்னும் விளையாட்டை நான்கு வருடங்களாக ஆடிவந்தார்கள். தலைவன் வேல்தான். ஐவரும் சேர்த்த ஆயுதங்கள் அத்தனையும் அவன் கணக்கில்தான் இருந்தன.

அவன் மனைவி தவமணி ஒருநாள் முடிவாகச் சொன்னாள்: “நானா, அந்த வெளையாட்டான்னு சொல்லிப்போடுங்க. இனியொருக்கா அது தொறந்துச்சுன்னா நான் ராசிபுரத்துக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க.”

வேல் அந்த விளையாட்டின் அமைப்புப் பக்கத்துக்குப் போனான். அங்கே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று, கணக்கை அடியோடு அழிப்பது. மற்றொன்று, உறங்க வைப்பது. உறங்கும் கணக்கை எழுப்பக் கடவுச்சொல் வேண்டும்; பதிவு செய்த சிம்முக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும். வேல் இரண்டாவது பொத்தானை அழுத்தினான். “அடியோட அழிச்சுப்போட்டேன்” என்று மனைவியிடம் சொன்னான்.

அந்த சிம் தன்னிடம் இருந்தால் கை சும்மா இருக்காது என்று அவனுக்கே தெரியும். “இனி ஆர்டர் போனெல்லாம் நீயே பேசு” என்று அதைத் தவமணியின் கைபேசியில் போட்டுக்கொடுத்தான். அந்த சிம்தான் உறங்கும் கணக்கின் சாவி என்பதை மட்டும் சொல்லவில்லை.

இனி ஒரு தொழில் வழக்கம். லாரியில் எழுத்து வரைபவர்கள், வேலை முடிந்ததும் பின்பலகையின் மூலையில் தங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் சிறிதாக எழுதுவார்கள். வேலும் எழுதுவான். ‘வேல் ஆர்ட்ஸ்’, அதன் கீழே அந்த எண். விளையாட்டிலும் அவன் பெயர் வேல் ஆர்ட்ஸ்தான். கடவுச்சொல்லோ அந்தப் பெயரும் எண்ணும் சேர்ந்தது. மறக்காமல் இருக்கவாம்! முந்நூறு லாரிகளின் முதுகில் தன் பூட்டை வரைந்து நாடெங்கும் அனுப்பிவிட்டு, கணக்கு பத்திரமாகத் தூங்குகிறது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தவமணி பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வழக்கத்துக்கு மாறாக முகத்தில் சிரிப்பு.

“நம்மூட்டுப் பேயை இன்னிக்கு முழுசாக் கழிச்சு உட்டாச்சுங்க. இனிப் பயமில்லை” என்றாள்.

ஏதோ கோயிலுக்குப் போய்வந்திருப்பாள் என்று எண்ணினான் வேல். வாய் நிறையச் சோறு இருந்ததால் கேட்கவில்லை.

மாலையில் நல்லசிவம் கையில் கைபேசியோடு பாய்ந்து வந்தான். வேலின் கணக்கு விழித்திருந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு உள்ளே நுழைந்த யாரோ ஆயுதங்களை எல்லாம் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, நண்பர்கள் நால்வரையும் கோட்டையிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள்.

“ஏன்டா மாப்ள, வெளையாடறதில்லைன்னு சொல்லிப்போட்டு எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டயே! நாலு வருசப் பாடுடா! உன்ற அப்பன் ஊட்டுச் சொத்தா அது?”

“நானெங்கடா தொட்டேன்? பாஸ்வேர்டு தெரிஞ்சவன் இங்க நீ ஒருத்தன்தான். திருட்டுப் பயலே!”

“எனக்கு மட்டுமா தெரியும்? உன்ற வண்டிக்குப் பின்னால போற அத்தனை பேருக்கும் தெரியும்! எழுதி உட்டவன் நீ, திருடன் நானா?”

வெல்டிங் கம்பி ஒன்று பறந்தது. யார்மேலும் படவில்லை; லாரியில் புதிதாக வரைந்திருந்த மயிலின் கழுத்தில் கீறல் விழுந்தது. கூச்சல் வீடுவரை கேட்டு, சற்று நேரத்தில் தவமணி கையில் பையோடு வந்து நின்றாள்.

“ஒருக்கா பொய் சொன்னீங்க, போனாப் போகுதுன்னு உட்டேன். பொதைச்சதையே தோண்டி எடுத்திருக்கறீங்களே, நீங்கெல்லாம் ஒரு மனுசனுங்களா?”

எங்கள் பக்கத்தில் கோபம் தலைக்கேறினாலும் மரியாதைக்குச் சொல்லும் ‘ங்க’ மட்டும் விட்டுப்போகாது. அதனாலேயே அது இன்னும் ஆழமாகத் தைக்கும்.

ராசிபுரம் பேருந்துக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. மூவரும் கொதித்துக்கொண்டு நிற்கிறார்கள். மூவரும் பிறரைக் குற்றம் சொல்கிறார்கள். சொல்லுங்கள்: உறங்கிய கணக்குக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்? இந்த மூவரில் யாருடைய கோபம் நியாயம்?

விடை: கடவுச்சொல் ஊரறிந்தது; லாரியில் எழுதப்படாதது ஆறு இலக்க எண் மட்டுமே. அது தவமணியின் கைபேசிக்குத்தான் வரும். புதன்கிழமை, லாரியில் அந்தப் பெயரையும் எண்ணையும் பார்த்த எதிரணிக்காரன் ஒருவன் அழைத்து, “வெளையாட்டுக் கம்பெனில இருந்து பேசறோம். சாரோட கணக்கு இன்னும் அழியலை. வர்ற நம்பரைச் சொன்னா நிரந்தரமா அழிச்சுடறோம்” என்றிருக்கிறான். கணவனின் பொய் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சண்டை போடாமல், பேயைப் புதைக்கிறோம் என்ற சந்தோஷத்தில் எண்ணைச் சொல்லிவிட்டாள். ஆகவே கதவைத் திறந்தவள் தவமணி. நியாயமான கோபமும் அவளுடையதே. நல்லசிவம் இழந்தது உண்மை; ஆனால் லாரியில் எழுதியிருந்ததை நான்கு வருடம் பார்த்தும் அவன் வாய் திறக்கவில்லை. வேல் கணக்கை அழித்திருந்தாலும் சரி, சிம் எதற்கென்று சொல்லியிருந்தாலும் சரி, இது நடந்திராது. தவமணி சொன்ன குற்றம் தவறு. கொண்ட கோபம் சரி. இப்போது வேல் அந்த முதல் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறான். கணக்கை மீட்டு அழிப்பதற்கும் ஓர் ஆறு இலக்க எண் வேண்டும். அது பேருந்து நிறுத்தத்தில் நிற்பவளின் கைபேசிக்குத்தான் வரும். அவள் சொல்வாளா என்பது என் புதிர் அல்ல.