யார் கழுத்தளவு?

குளம் வற்றிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் சேறுதான் மிஞ்சும்.

வேறு தண்ணீர் தேடிப் போயாக வேண்டும். மற்ற விலங்குகள் தப்பான பக்கம் போனாலும் திரும்பி ஓடி வந்துவிடும். ஆமை தப்பான பக்கம் நடந்தால் திரும்பி வர உயிர் இருக்காது!

எங்கே தண்ணீர் இருக்கிறது என்று விசாரித்து எழுதி வர முயலை அனுப்பியிருந்தார்கள். அதுவும் ஒரு தேக்கிலையில் முள்ளால் முத்து முத்தாக எழுதிக்கொண்டு வந்து படித்தது.

"கிழக்கு மடுவில் கழுத்தளவுத் தண்ணீர் இருக்கிறது. தெற்கு ஏரி காய்ந்துவிட்டது. வடக்குச் சுனையில் முதலை இருக்கிறது. ஆகவே கிழக்கே போவோம். சொன்னவர்கள்: கொக்கு, நரி, தவளை."

"கழுத்தளவாம்! கிளம்புங்கடா!" என்று காட்டுப்பன்றி குட்டிகளோடு கிழக்கே ஓடியது.

ஆமை மட்டும் நகரவில்லை.

"முயல் தம்பி, கழுத்தளவுன்னு சொன்னது யாரு?"

"அதான் கடைசியில மூணு பேரையும் எழுதியிருக்கேனே அக்கா!"

"மூணு பேர்ல யாருப்பா?"

"யாரோ ஒருத்தர்! எழுதுற அவசரத்துல ஞாபகமில்ல."

ஆமைக்குத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஊர் முட்டையெல்லாம் ஒரே குழியில போட்டுட்டு, இதுல உங்க முட்டையும் இருக்கு, பொறுக்கிக்கோங்கன்னு சொன்னா நான் எதைப் பொறுக்குவேன்? பேச்சுக்குப் பக்கத்துலயே பேரைப் போட உனக்கு என்ன கேடு?"

"நடுவுல நடுவுல பேரு வந்தா இலை அழகாவா இருக்கும்?"

"இலையோட அழகைக் குடிச்சா தாகம் தீருமா? போய்க் கேட்டுட்டு வா!"

முயல் முணுமுணுத்துக்கொண்டே ஓடியது. மாலைக்குள் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. இப்போது இலையில் இப்படி இருந்தது:

"கிழக்கு மடுவில் கழுத்தளவுத் தண்ணீர் (தவளை, நேற்று). தெற்கு ஏரி காய்ந்துவிட்டது (கொக்கு, இன்று காலை). வடக்குச் சுனையில் முதலை. வால் மட்டும் தெரிந்தது (நரி, நேற்று)."

"தவளைக் கழுத்தா!" ஆமை தலையில் அடித்துக்கொண்டது. "ரெண்டு விரல் தண்ணிகூட இருக்காதேடா!"

பக்கத்துப் பாறையில் படுத்திருந்த உடும்பு எழுந்து வந்தது. "என்னது, நரி பார்த்த வாலா? நேத்து அந்தச் சுனையில முங்கிக் குளிச்சது நான்தான்! வாலைப் பார்த்துட்டு நரி ஒண்ணு அலறி ஓடிச்சு. அங்கே முதலையும் இல்ல, கிதலையும் இல்ல!"

"இதையும் எழுது தம்பி! பேரோட எழுது!" என்றது ஆமை.

அந்த நேரம் பன்றி மூக்கு வரை சேற்றோடு கிழக்கிலிருந்து வந்தது. வந்ததும் வராததுமாக முயலைத் துரத்தியது.

ஆமை வடக்கே நடந்தது. ஐந்தாம் நாள் சுனைக்குள் இறங்கி வயிறு முட்டக் குடித்தது. பிறகு கொக்கைக் கூப்பிட்டு, "முயல்கிட்டப் போய்ச் சொல்லு. சுனையில கழுத்தளவுத் தண்ணி இருக்கு. சொன்னது ஆமை. கழுத்தும் ஆமைக் கழுத்துதான்! பேச்சையும் பேரையும் பக்கத்துல பக்கத்துலயே எழுதச் சொல்லு!" என்றது.

பிறர் சொன்னதை எடுத்து எழுதினால், சொன்னவர் பெயரை அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்; கடைசியில் குவித்து வைத்த பெயர்கள் யாருக்கும் வழிகாட்டாது.