யானைத் தடத்துக்கு ஓர் 'உம்'

முன்னொரு காலத்தில், இரண்டு மலைக்காடுகளுக்கு நடுவில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் ராஜாவுக்குத் தினமும் மாலையில் விளக்கு வைப்பதற்குள் ஒரு கதை கேட்டாக வேண்டும். கதை சொல்கிறவன் விகடன் செவ்வந்தியப்பன். 'உம்' கொட்டுகிறவர் விருத்தகிரி.

இந்த விருத்தகிரியின் உத்தியோகத்தை முதலிலேயே விளக்கிவிடுகிறேன். கேட்பவர் 'உம்' கொட்டாவிட்டால் கதை ஓரடி நகராது. ஆனால் அந்த அரண்மனையில் ராஜாவின் வாயிலிருந்து எது வந்தாலும் ஆணை. பக்கத்தில் இருக்கும் ஓலைக்காரர் உடனே எழுதிவிடுவார். எழுதியதை யாராலும் மாற்ற முடியாது. ராஜாவின் பாட்டனார் ஒரு தடவை சுவாரசியத்தில் தாமே 'உம்' கொட்டிவிட்டார். கதையில் தளபதியாக வந்த கழுதை அரண்மனையிலும் நிஜமாகவே தளபதி ஆகிவிட்டது. அது சாகும்வரை படை முழுவதும் அதற்கு வணக்கம் வைத்தது. அதன்பிறகுதான் ராஜாவுக்குப் பதிலாக 'உம்' கொட்டத் தனியாக ஒருவரை அமர்த்தினார்கள்.

விருத்தகிரி பன்னிரண்டு வருஷமாக 'உம்' கொட்டினார். பன்னிரண்டு வருஷமும் அவருக்கு வயிறு எரிந்தது. பரிசு செவ்வந்தியப்பனுக்கு, பட்டு செவ்வந்தியப்பனுக்கு. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் மனைவி, "இன்னைக்கு அவரு என்ன கதை சொன்னாரு?" என்பாள். இவர் சொல்ல ஆரம்பித்தால், "நீங்க சொன்னா ருசிக்கவே மாட்டேங்குதுங்க. ரசம் ஊத்தட்டுமா?" என்பாள்.

அந்த வருஷம் செவ்வந்தியப்பன் பெரியவள் என்ற பெண் யானையின் கதையைச் சொல்லிவந்தான். இரண்டு மலைகளுக்கும் நடுவே கூப்பிடு தூர அகலத்தில் ஒரு தடம் உண்டு. கோடையில் கீழைமலைச் சுனைகள் வற்றியதும் யானைகள் அந்தத் தடம் வழியாக மேலைமலை ஆற்றுக்குப் போகும். கதை அரண்மனையைத் தாண்டி ஊருக்குள் பரவியது. மாடு மேய்ப்பவர்கள், "நம்ம பெரியவ வர்ற காலம்டா, ஓட்டு, ஓட்டு!" என்று மந்தையை விலக்கினார்கள். தடத்தை ஒட்டி உழுதவர்கள் ஏரைத் திருப்பிக்கொண்டார்கள்.

விருத்தகிரிக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் காலைச் சபையில் ராஜா முன் போய் நின்றார். "மகாராஜா, அந்த இடைவெளியில் வீசுகிற காற்று வேறெங்கும் கிடையாது. மலைக்கு மலை மதில் கட்டி, நடுவில் ஒரு கோடை மாளிகை எழுப்பினால் எப்படி இருக்கும்!"

ராஜாவுக்குக் காற்று அப்போதே மேலே பட்டதுபோல் இருந்தது. "நாளைக் காலையில் கடைக்கால் தோண்டட்டும்" என்றார். ஓலைக்காரர் சாப்பிடப் போயிருந்ததால் அது இன்னும் ஓலையில் ஏறவில்லை.

செவ்வந்தியப்பன் பதறினான். "மகாராஜா, அந்த வழி அடைபட்டால் கீழைமலை யானைகள் இந்தக் கோடையைத் தாண்டாது."

"நாலு கால் இருக்கிறதல்லவா? சுற்றிக்கொண்டு போகட்டுமே" என்றார் விருத்தகிரி.

"எந்தப் பக்கம் ஐயா? வடக்கே பாறைச்சரிவு. தெற்கே ஊர். உங்கள் வீட்டுக் கொல்லை வழியாக அனுப்பட்டுமா?"

சபை சிரித்தது. விருத்தகிரியின் முகம் கறுத்தது.

"இன்று ஒரே ஒரு கதை" என்றார் ராஜா. "விளக்கு வைப்பதற்குள் என் மனம் மாறினால் மதில் இல்லை. மாறாவிட்டால் மதிலும் எழும், நீயும் வேறு ராஜ்யம் பார்த்துக்கொள்."

'நான் "உம்" கொட்டினால்தானே நீ கதை சொல்லுவாய்?' என்று விருத்தகிரி மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

மாலையில் சபை கூடியது. செவ்வந்தியப்பன் ஒரே மூச்சில் ஆரம்பித்தான்.

"பெரியவள் தன் கூட்டத்தோடு தடத்துக்கு வந்து நின்றாள். தாகத்தில் குட்டிக்குத் தும்பிக்கை தொங்கிவிட்டது. எதிரே நம் ராஜா. 'இங்கே எந்நாளும் சுவர் எழாது, இது உங்கள் வழி' என்றார். கூட்டம் கடந்தது. குட்டி மட்டும் நடுத்தடத்தில் விழுந்துவிட்டது. பின்னால் ஈச்சம்புதர் அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு புலி மெதுவாகத் தலையை நீட்டியது..."

நிறுத்தினான். விருத்தகிரி தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார்.

"அப்புறம்?" என்று கண்ணாலேயே கேட்டார் ராஜா.

"'உம்' வரவில்லை, மகாராஜா."

மந்திரி குறுக்கிட்டார். "வேறொருவரை நியமிப்போமே?"

ஜோசியர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அடுத்த நல்ல நாள் வியாழக்கிழமை."

"வியாழக்கிழமையா? அதுவரை அந்தக் குட்டி விழுந்தே கிடக்குமா?" என்று அந்தப்புரத் திரைக்குப் பின்னாலிருந்து ராணியின் குரல் கேட்டது.

ராஜா சிம்மாசனத்தில் முன்னால் நகர்ந்தார், பின்னால் நகர்ந்தார். எழுந்து நின்றார். விருத்தகிரியை முறைத்தார். அவர் இருமினார். விளக்கேற்றுகிற பணிப்பெண் திரியோடு வந்து நின்றாள். புலி தலையை நீட்டியபடியே இருந்தது.

"உம்!" என்று கத்திவிட்டார் ராஜா. "உம், உம்! சொல்லித் தொலை அப்பா!"

ஓலைக்காரர் எழுத்தாணியை எடுத்தார். "'இங்கே எந்நாளும் சுவர் எழாது, இது உங்கள் வழி.' எழுதியாயிற்று மகாராஜா. புலியையும் எழுதட்டுமா?"

விருத்தகிரிக்குத் தொண்டை நொடியில் குணமாகி, "ஐயோ!" என்றார்.

செவ்வந்தியப்பன் கைகூப்பினான். "மகாராஜா, எனக்கும் தங்களுக்கும் நடுவில் ஒரு வாய் அகலம்தான் வழி இருந்தது. அது அடைபட்டதும் இங்கே கதை நின்றது, அங்கே தாங்கள் தவித்தீர்கள். நமக்கு அரை நாழிகை. யானைகளுக்குக் கோடை முழுவதும்."

ராஜா அவனை உற்றுப் பார்த்தார். "இவர் வாயை மூடுவார் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னிரண்டு வருஷமாக இவர் முகத்தைப் பார்த்துத்தான் கதை சொல்கிறேன், மகாராஜா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கைக் காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டார். சிரிப்பு அடங்கியதும், "குட்டி?" என்றார். பெரியவள் திரும்பி வந்து குட்டிக்குக் குறுக்கே நின்றதையும், புலி பின்வாங்கியதையும் கேட்டபிறகே விளக்கேற்றவிட்டார்.

"விருத்தகிரிக்கு என்ன தண்டனை?" என்று மந்திரி கேட்டார்.

"கோடை முடியும்வரை அந்தத் தடத்துக்குக் காவல் இருக்கட்டும்" என்றான் செவ்வந்தியப்பன்.

விருத்தகிரி முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டு மாதம் கழித்து, கறுத்து இளைத்துத் திரும்பினார். சபைக்குள் நுழையும்போதே, "மகாராஜா, நாற்பத்தொரு யானை! என் கண்ணாலே பார்த்தேன். ஒன்று என் தலைப்பாகையை உருவி, மோந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் போட்டுவிட்டுப் போயிற்று!" என்றார். ராஜா சிரித்தார். ராணி திரைக்குப் பின்னால் சிரித்தாள். விருத்தகிரி கையை வீசி வீசி மேலும் மேலும் சொன்னார். ராஜா தம் தோளிலிருந்த பட்டை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

அன்று 'உம்' கொட்டியவன் செவ்வந்தியப்பன். பட்டைப் பார்த்தபிறகு வந்த 'உம்' மட்டும் கொஞ்சம் கசந்துதான் வந்தது.