முள் நட்ட உருளைத் தோட்டம்

மேகம் தரையில் இறங்கி நடக்கும் ஒரு மலைக்காட்டில், காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் சேர்ந்து உருளைக்கிழங்கு பயிரிட்டன. குளிர்காலம் முழுக்க இரண்டுக்கும் அதுதான் சாப்பாடு.

ஓர் ஆண்டு வண்டுக் கூட்டம் இலைகளைத் தின்று தீர்த்தது. கிழங்குகள் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிட்டன.

"அடுத்த முறையும் இப்படியானால் பட்டினிதான், தம்பி!" என்றது காட்டுப்பன்றி.

முள்ளம்பன்றி பாறை ஓரம் தானாக முளைத்திருந்த காட்டு உருளைச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் இலையில் மட்டும் ஓர் ஓட்டைகூட இல்லை. ஏன்? மூக்கால் தொட்டது. மூக்கு ஒட்டிக்கொண்டது! இலை முழுக்கப் பிசின் பூசிய மெல்லிய மயிர். அதில் ஒரு வண்டு கால் மாட்டித் தவித்தது.

"அண்ணே, இதைப் பாருங்கள்!"

காட்டுப்பன்றி அதன் கிழங்கைக் கடித்துத் துப்பியது. "தூ! ஒரே கசப்பு. இதற்கு வண்டையே தின்னலாம்."

"நம் கிழங்கும் இந்த இலையும் ஒரே செடியில் வந்தால்?"

மிஞ்சிய செடிகள் பூத்தபோது, முள்ளம்பன்றி காட்டுச் செடியின் மகரந்தத்தை முள் நுனியில் எடுத்து அவற்றில் தடவியது. காய்த்த காய்களின் விதைகளை மறு ஆண்டு இரண்டும் விதைத்தன. அந்த ஆண்டு வண்டு குறைவு. செடிகள் பலவிதமாய் வளர்ந்தன.

கிழங்கையெல்லாம் தோண்டிக் குவித்து, பெரியதை விதைக்கு எடுப்பது காட்டுப்பன்றியின் வழக்கம். முள்ளம்பன்றியோ, இலை வாடுமுன்பே, வண்டு ஒட்டிக்கிடந்த செடிகளின் அடியில் தன் முள்ளை அடையாளமாக ஒவ்வொன்றாக நட்டது.

"தோட்டத்துக்கும் முள் முளைத்துவிட்டதா?" என்று சிரித்தது காட்டுப்பன்றி.

முள் நின்ற இடத்துக் கிழங்குகளை முள்ளம்பன்றி கடித்துப் பார்த்தது. கசக்காதவற்றை மட்டும் விதைக்கு வைத்தது.

"பட்டாணி மாதிரி இருக்கிறதே, தம்பி! என் விதைக்கிழங்கைப் பார், ஒவ்வொன்றும் என் தலை அளவு!"

அடுத்த ஆண்டு ஆளுக்குப் பாதித் தோட்டம். வண்டுகள் திரண்டு வந்தன. காட்டுப்பன்றியின் பாதியில் வெறும் குச்சிகள் நின்றன. முள்ளம்பன்றியின் பாதி பச்சைப்பசேல் என்றிருந்தது. மண்ணுக்கடியில் கிழங்கும் பருத்திருந்தது.

காட்டுப்பன்றி மெல்ல வந்து ஓர் இலையைத் தொட்டது. மூக்கு ஒட்டிக்கொண்டது.

"தம்பி, குளிருக்குக் கொஞ்சம் கிழங்கு தருவாயா?"

"பாதி உங்களுக்குத்தான், அண்ணே."

காட்டுப்பன்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டது. "அப்படியே... கொஞ்சம் முள்ளும்."

நீதி: பெரியது எது என்று தேடுமுன், பிழைத்தது எது, ஏன் பிழைத்தது என்று பார்.