தொட்டிலுக்கு எழுந்த கட்டை

இருட்டிவிட்டால் சுவருக்கு அப்பால் 'கீங்' என்று சத்தம். சுங்கச்சாவடியில் வண்டிகளின் ஃபாஸ்டேக்கைப் படித்து, வரியை எடுத்துக்கொண்டு தடுப்புக்கட்டையைத் தூக்கும் கருவி, அங்கே பெருக்கும் வேலை செய்யும் ரோசலினின் அறைப் பக்கம் சாய்ந்திருந்தது. பயந்துபோனவள் கைக்குழந்தையோடு மரத்தடியில் படுத்தாள்.

"அதோட அலை பிள்ளைமேல படுது சார். ரோட்டுப் பக்கம் திருப்புங்க."

மேலாளர் துரைக்கண்ணன் சிரித்தார். "அலை ரோட்டைத் தாண்டாதும்மா, சான்றிதழே இருக்கு. உள்ள வருதுன்னா கண்ணால காட்டு, திருப்பறேன்."

"உங்க கார் டேக்கைக் கொஞ்சம் குடுங்க."

கண்ணாடியில் ஒட்டாமல் பையிலேயே வைத்துத் திரிந்த டேக்கை நீட்டினார். ரோசலின் அதைத் தன் அறையிலிருந்த காலித் தொட்டிலில் போட்டாள். வெளியே, வண்டியே இல்லாத பாதையில் தடுப்புக்கட்டை எழுந்தது.

"யாருக்குய்யா வழி?" என்றார் பக்கத்துப் பாதையில் நின்ற லாரிக்காரர்.

"தொட்டிலுக்குண்ணே. சார் அதுக்கும் வரி போட்டுட்டாரு" என்றாள் ரோசலின்.

துரைக்கண்ணனே ஏணியேறிக் கருவியைத் திருப்பினார். ரோசலின் டேக்கை மறுபடி தொட்டிலில் போட்டாள், கட்டை அசையவில்லை. அப்புறம்தான் பிள்ளையைக் கிடத்திவிட்டு, கதவை உள்ளே தாழிட்டாள்.